அக்காவைக் கேளுங்கள்: அழுதுகொண்டே துதிக்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தபோது பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. துதி. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு எழுதினீர்களா என்ன? சரி, அதனால் கல்யாணக் கேள்வி, மாமியார் கேள்வி எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து கையில் காசு இல்லை. வலை வாங்கத் தண்டலுக்குக் கடன் எடுத்தோம், சாயங்காலம் ஆனால் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் “துதிக்கத் துதிக்கத் தடை உடையும்” என்கிறார்கள். எனக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. மனசில் இல்லாமல் வாயால் ஸ்தோத்திரம் சொன்னால் அது மாய்மாலம் இல்லையா?
— ஒரு சகோதரி, காசிமேடு

தங்கச்சி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த 61 நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அம்மா ராயபுரத்தில் மீன் கூடை தூக்கியவர். நாற்பத்தைந்தாவது நாள் வரும்போது அரிசிப் பானையைத் தட்டிப் பார்க்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலில் அழுகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயத்தில் ‘தெஹில்லிம்’ என்று பெயர், அதாவது துதிகள். பெயர்தான் அப்படி, உள்ளே போனால் எத்தனை அழுகை! 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று ஆரம்பிக்கிறது, “அவரைப் பாடுவேன்” என்று முடிகிறது, நடுவில் கடன் அடைந்ததாகவோ எதிரி ஓடிவிட்டதாகவோ ஒரு வார்த்தை கிடையாது. 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம். கடைசி வரைக்கும் ஒரு வெளிச்சமும் இல்லை, தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்ற புலம்பலோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் துதிகள் என்று பெயர் போட்ட அதே புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, உங்கள் அழுகைக்கு மட்டும் ஏன் அங்கே இடம் இருக்காது?

மாய்மாலம் என்பது ஆள் பார்ப்பதற்காகச் செய்வது. மனசு ஒத்துழைக்காதபோதும் ஒன்றைச் செய்வது வேறு. பிள்ளைக்கு ஜுரம் என்று ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கஞ்சி வைக்கிறீர்கள், அந்த நேரத்தில் உங்களுக்குப் பாசமா பொங்குகிறது? தூக்கக் கலக்கமும் எரிச்சலும்தான். அதற்காக அந்தக் கஞ்சி பொய்யா?

நம்ம பக்கத்தில் வீட்டுக்கு வீடு அடிபம்பு உண்டே. சில நாள் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும், தண்ணி ஏறாது. என்ன செய்வோம்? ஒரு சொம்பு தண்ணியை மேலே ஊற்றிவிட்டு அடிப்போம், அப்புறம் ‘களக்’ என்று பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு சொம்பை நேற்றே எடுத்து வைத்திருக்க வேண்டும். 77ஆம் சங்கீதத்தில் ஒருவர் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் புலம்பிவிட்டு, “உம்முடைய பூர்வகாலத்து அதிசயங்களையே நினைவுகூருவேன்” என்று சொல்வது இந்தச் சொம்புத் தண்ணிதான். போன வருஷத் தடைக்காலத்தை எப்படிக் கடந்தீர்கள், யார் அரிசி கொடுத்தார்கள், எந்தப் புயலில் அவர் கரை சேர்ந்தார்? அதில் ஒன்றைச் சொல்லி ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ஒன்று போதும். அழுதுகொண்டே சொல்லுங்கள்.

“தடை உடையும்” என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவு திறந்தது, உண்மைதான். ஆனால் கதவு திறக்கும் என்று தெரிந்து பாடவில்லை; திறந்த பிறகும் ஓடவில்லை, உள்ளேயே இருந்தார்கள். அப்புறம் பவுல் எத்தனையோ நாள் காவலில் கிடந்தார், பிலிப்பியருக்கு “சந்தோஷமாயிருங்கள்” என்று எழுதியதே கட்டுண்டிருந்தபோதுதான், அங்கே எந்த பூகம்பமும் வந்து கதவைத் திறந்ததாக எழுதவில்லை. துதியைச் சாவி மாதிரி விற்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். பூட்டு திறக்காத அன்றைக்கு, உன் விசுவாசத்தில்தான் குறை என்று பழியை உங்கள் தலையிலேயே போட்டுவிடுவார்கள்.

உங்கள் ஜெபக்கூட்டத்தாருக்கும் ஒரு செய்தி. “ஸ்தோத்திரபலி” என்கிற வார்த்தையை எபிரெயர் 13:15இல் எடுத்துக்கொள்கிறோம், அடுத்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். 16ஆம் வசனம்: “அன்றியும் நன்மைசெய்யவும், தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள்.” அதையும் பலி என்றுதான் சொல்லியிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை இரண்டு பாட்டைக் குறைத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டு கிலோ அரிசி கொண்டுவரச் சொல்லுங்கள். அரசு தரும் தடைக்கால நிவாரணம் உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள் தங்கச்சி, ஏறவில்லை என்றால் சங்கத்தில் போய்க் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

எங்கள் சபையில் தினமும் காலை 5 மணிக்கு மைக் வைத்துத் துதி ஆராதனை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். போதகர் இது உபத்திரவம் என்கிறார். நாங்கள் என்ன செய்ய?
— ஒரு வாலிபர், பழைய வண்ணாரப்பேட்டை

தம்பி, இது உபத்திரவம் இல்லை, சத்தம். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டே விதி வந்துவிட்டது. அதற்கும் முன்னாலேயே வேதத்தில் இருக்கிறது, நீதிமொழிகள் 27:14: “ஒருவன் அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடே தன் சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும்.” மைக்கை அணைத்துவிட்டுப் பாடுங்கள். கர்த்தருக்குக் காது கேட்கும்.

என் தம்பி போன வருஷம் பைக் விபத்தில் இறந்துபோனான். வயது 24. அடக்கத்தன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கள் அம்மாவை “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா” என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அம்மாவும் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குக் கோயில் வாசலை மிதிக்கவே பிடிக்கவில்லை. நான் செய்வது பாவமா?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேஜைமேல் வைத்துக்கொண்டே இருந்தேன், உடனே பதில் எழுத வரவில்லை.

பாவம் இல்லை தம்பி. அந்த வசனத்தைச் சொன்னவர் யோபு. பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன், தன் வாயால், தானாகச் சொன்னது. பக்கத்தில் நின்று யாரும் அவரைச் சொல்ல வைக்கவில்லை. அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார், அடக்கத்தில் அதை யாரும் வாசிப்பதில்லை. அவருடைய சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். எட்டாவது நாள் வாயைத் திறந்தார்கள், கெட்டது.

உங்கள் கோபத்துக்கு வேதத்திலேயே ஆதரவு இருக்கிறது. நீதிமொழிகள் 25:20, மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் ஒருவன் துணியைக் களைகிறவனைப்போல இருக்கிறான் என்கிறது. யாக்கோபு இன்னும் நேராகச் சொல்கிறார்: துன்பப்பட்டால் ஜெபம்பண்ணக்கடவன், மகிழ்ச்சியாயிருந்தால் சங்கீதம் பாடக்கடவன். இரண்டையும் தனித்தனியாகத்தானே வைத்திருக்கிறார்? லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்துமே இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். லாசருவின் சகோதரி மரியாளைப் பார்த்து “ஸ்தோத்திரம் சொல்லு” என்று சொல்லவில்லை.

அதுவும் வியாசர்பாடியில்! சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிற ஊர் அது. செத்தவன் பேரைச் சொல்லி, அவன் செய்த சேட்டையைச் சொல்லி, இப்படிப் போய்விட்டாயே என்று கேட்டுக் கேட்டுப் பாடுவார்கள். துக்கத்துக்கும் பாட்டு உண்டு என்று நம்ம ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சபைக்குள் வரும்போது மட்டும் அதை எங்கே வைத்துவிட்டு வருகிறோம் என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு 41 வயது. நிறையப் பேர் வந்தார்கள், நிறைய வசனம் சொன்னார்கள், ஒன்றும் நினைவில் இல்லை. எதிர்வீட்டு அம்மா, அவர் கிறிஸ்தவர்கூட இல்லை, பின்பக்கமாக வந்து சிங்க்கில் கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவி வைத்துவிட்டு, என் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போனார். பேசவே இல்லை. அதற்கப்புறம் எட்டு மாதம் நான் ஸ்தோத்திரம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கோயிலுக்குப் போவேன், எல்லாரும் பாடும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் காலை தண்ணி லாரிக்கு வரிசையில் நிற்கிறேன், முந்தின நாள் லாரி வரவில்லை, வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லை, எனக்கு முன்னால் பதினைந்து குடம். எப்படியோ என் குடமும் ரொம்பியது. தூக்கி இடுப்பில் வைக்கும்போது வாயிலிருந்து தானாக “ஸ்தோத்திரம்ப்பா” என்று வந்துவிட்டது. என் அம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றும்போது சொல்கிற அதே ராகம். சின்ன வயசில் தினமும் கேட்டுக் கேட்டு எங்கேயோ உள்ளே கிடந்திருக்கிறது. அங்கேயே நின்று அழுதேன், பின்னால் இருந்தவர்கள் “சீக்கிரம் நகருக்கா” என்று திட்டினார்கள்.

அதனால் உங்களுக்கு எந்தத் தவணையும் வைக்க மாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். அன்றைக்கு அம்மா சொன்ன ஸ்தோத்திரம் அவர்கள் சொல்ல வைத்ததா, இல்லை அம்மாவுடையதேதானா என்று ஒரு நாள் அம்மாவிடமே கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அன்றைக்கு நின்றிருக்கலாம், நமக்குத் தெரியாது. அம்மாவுக்காகக் கோபப்படுவதற்கு முன் அம்மாவைக் கேட்டுவிடுவது நல்லது.

ஓய்வு பெற்றவன். தினமும் ‘ஆயிரம் ஸ்தோத்திரம்’ புத்தகத்தை வைத்துச் சொல்லி முடிக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. என் மகன் “இது என்ன மந்திரமா, எண்ணிக்கை எதுக்கு?” என்று கேட்கிறான். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

ஐயா, ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி. “வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்” என்று இயேசு சொன்னதை உங்கள் மகன் மனதில் வைத்திருக்கிறார். ஆனால் திரும்பச் சொல்வதே தப்பு என்றால் 136ஆம் சங்கீதத்தை என்ன செய்வது? 26 வசனம், 26 தடவையும் “அவர் கிருபை என்றுமுள்ளது.” அந்தச் சின்னப் புத்தகங்களால் ஒரு நன்மையும் நடந்திருக்கிறது, படிக்கத் தெரியாத எத்தனையோ பாட்டிமார் கர்த்தருடைய நாமங்களை எல்லாம் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார்கள். நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். 640ஆவதில் இருக்கும்போது பேரன் வந்து “தாத்தா, கணக்குச் சொல்லிக்கொடு” என்றால் எரிந்து விழுகிறீர்களா? விழுந்தால் அன்றைக்கு எண்ணிக்கை ஜெயித்துவிட்டது. கடைசிப் பத்தைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். முழங்கால் வலி இன்றைக்கு மாடிப்படி ஏற விட்டது, பென்ஷன் வந்தது, பழைய சிநேகிதர் போன் செய்தார், இப்படி. அந்தப் பத்துக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும் பாருங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து முகத்துவாரமெல்லாம் கறுத்துப்போனதே, எங்கள் வலை, படகு எல்லாவற்றிலும் அந்தக் கறை. “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று வேதம் சொல்கிறது. அப்படியென்றால் எண்ணெய்க்கும் ஸ்தோத்திரமா? இழப்பீடு கேட்டு மனு கொடுத்தது முறுமுறுப்பா?
— ஒரு மீனவர், எண்ணூர்

அண்ணே, கடலுக்கு மீன் வேட்டைக்குப் போகிறவர் வார்த்தையை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்! 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்வது எல்லாவற்றிலேயும். எண்ணெயிலேயும் நின்று துதிக்கலாம், எண்ணெய்க்காகத் துதிக்கச் சொல்லவில்லை. “எபேசியர் 5:20இல் எல்லாவற்றிற்காகவும் என்றே இருக்கிறதே” என்று யாராவது இந்நேரம் பேனாவை எடுத்திருப்பீர்கள், தெரியும். இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தை எழுதின பவுல் எப்படி வாழ்ந்தார் என்று பார்க்க வேண்டாமா?

பிலிப்பி பட்டணத்தில் ராத்திரி பாடினார் என்று மேலே சொன்னேனே, அதே அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் விடிந்த பிறகு நடந்ததைப் படியுங்கள். அதிகாரிகள் ஆளனுப்பி, சத்தமில்லாமல் போய்விடச் சொல்கிறார்கள். பவுல் நகரவில்லை. விசாரணையே இல்லாமல் ரோமக் குடிமக்களான எங்களை எல்லார் முன்னாலும் அடித்தீர்கள், இப்போது ரகசியமாக அனுப்புவீர்களா, அவர்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். அவர்களும் பயந்துபோய் வந்து கெஞ்சுகிறார்கள். ராத்திரி துதி, காலையில் நியாயம் கேட்டது, ரெண்டும் ஒரே வாய். இதை நம்ம மேடைகளில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள், பூகம்பத்தில் கைதட்டு வாங்கியாகிவிட்டது இல்லையா.

ஆமோஸ் தீர்க்கதரிசி காலத்தில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை, நியாயத்துக்குத்தான் பஞ்சம். “உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று” என்று கர்த்தரே சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே மனு முறுமுறுப்பு இல்லை. நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா? ரசீது நம்பரை டைரியில் எழுதி வையுங்கள்.

கடவுள் ஏன் எப்பப் பார்த்தாலும் என்னைப் புகழு புகழு என்கிறார்? மனுஷங்க அப்படிக் கேட்டா பெருமை பிடிச்சவங்கன்னு சொல்றோமே?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருவொற்றியூர்

பாப்பா, இதைப் பெரியவர்கள் கேட்கப் பயப்படுவார்கள். 50ஆம் சங்கீதத்தில் அவரே “நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்” என்கிறார், கொஞ்சம் குறும்பாகக்கூட. நம்மிடமிருந்து வாங்கி நிரப்பிக்கொள்ள அவரிடம் குறை ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் அம்மா வைத்த குழம்பை அப்பா போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார் என்று வை. அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனால் அதைவிட நஷ்டம் அப்பாவுக்கு, அவ்வளவு நல்ல குழம்பு நாக்கில் பட்டதே அவருக்குத் தெரியாது. (அப்பா இதைப் படித்தால் நான் பொதுவாகத்தான் சொன்னேன் என்று சொல்லிவிடு.)

பெரம்பூரில் வீடு, சென்ட்ரல் பக்கம் வேலை. காலையில் பிள்ளைக்கு டிபன் கட்டி, மாமனாருக்கு மாத்திரை கொடுத்து, ஓடிப்போய் ரயில் பிடிக்கிறேன். தியானத்துக்கோ துதிக்கோ நேரமே இல்லை. குற்ற உணர்வாக இருக்கிறது. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
— ஒரு சகோதரி, பெரம்பூர்

தங்கச்சி, அந்த டிபனும் மாத்திரையும் எந்தக் கணக்கில் வரும் என்று எபிரெயர் 13:16ஐ மேலே எழுதிவிட்டேன், திரும்பப் படித்துக்கொள்ளுங்கள். 119ஆம் சங்கீதக்காரர் “ஒருநாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன்” என்கிறார், ஏழு மணி நேரம் என்று சொல்லவில்லை. ஏழு சின்ன இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பால் பொங்குவதற்கு முன் நிற்கிற நிமிஷம், கதவைப் பூட்டும்போது, ஜன்னல் சீட் கிடைத்தால் அதற்கு ஒன்று, கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்று. மீதி நாலுக்குத் தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரலுக்குள் விடுவதற்கு முன்னால் சிக்னலில் வண்டியை நிறுத்திவைப்பார்களே, அது எவ்வளவு நேரம் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?